மேல்தெரு கடைசியில்

எங்கள் குன்றுக்கு இறங்குபாதை ஒன்றே ஒன்று. காட்டுத்தீ வந்தால் யார் எப்போது இறங்குவது என்று திட்டம் போட நகராட்சி ஒருவரை வைத்திருந்தது. நாங்கள் அவரைப் புள்ளிக்காரர் என்போம். கணினித் திரையில் குன்றைக் காட்டுவார். ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளி. காற்றின் திசையைத் தட்டினால் தீ சிவப்பாய்ப் பரவும், புள்ளிகள் சமர்த்தாய் இறங்கும்.

"இதுல என் வீட்டுக்காரர் எங்க? எதுக்கும் அசையாத புள்ளி ஒண்ணு இருக்கணுமே!" என்று கூட்டத்தில் கேட்டவள் நான்தான். புள்ளிக்காரரே சிரித்துவிட்டார்.

அவர் கணக்குப்படி, காட்டை ஒட்டிய மேல்தெரு முதலில் இறங்க வேண்டும். நியாயம்தான். ஆனால் அந்தத் தெருவில்தான் அவருடைய அக்கா இருந்தாள், இடுப்பு முறிந்து படுத்திருந்த கணவனோடு. நம் ஆட்கள் விடுவார்களா?

"அக்காவுக்கு ராஜபாட்டை போட்டாச்சு. நாம எரிஞ்சா என்ன!" என்றார் கீழ்த்தெரு மருந்துக்கடைக்காரர், எல்லார் காதிலும் விழும்படி.

புள்ளிக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. வீடு வீடாக வண்டிக் கணக்கு எடுக்கப் புறப்பட்டார். வாகன வரி ஏறப்போகிறது என்று யாரோ கொளுத்திப்போட்டிருந்த நேரம். எல்லா வாசலிலும் ஒரே பாட்டு: "ஒண்ணுதாங்க." மருந்துக்கடைக்காரர் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திய இரண்டு கார்கள் குந்தியிருப்பது என் சமையலறை ஜன்னலுக்குத் தெரியும். எங்களிடம் வண்டியே இல்லை என்றதும் மனிதர் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார். ஊர் வண்டியெல்லாம் தெரிந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தக் கணக்கைக் கணினியில் போட்டார். மேல்தெரு கடைசியில் இறங்கினாலும் தீக்கு முன்னால் பாதை காலியாகிவிடும் என்றது அது. வரிசையை மாற்றிவிட்டார். மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

காற்று திரும்பிய அன்று பகலிலேயே வானம் பித்தளை நிறமானது. பறவைச் சத்தம் அறவே இல்லை. அலைபேசிகள் ஒன்றாய் அலறின: கீழ்த்தெரு கிளம்பலாம். தார்ப்பாய்கள் உரிந்தன. அப்பா ஒரு காரில், அம்மா ஒரு காரில், மகன் ஒரு காரில். யாருக்கும் எதையும் விட்டுவர மனமில்லை. மருந்துக்கடைக்காரர் புண்ணியத்தில் எங்களுக்கும் பின்சீட்டில் இடம் கிடைத்தது. மேல்தெரு வந்து சேரும் முனையில் மொத்தப் பாதையும் அடைத்துக்கொண்டது.

அங்கேதான் நின்றிருந்தார் புள்ளிக்காரர். கையில் இருந்த திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். போனில் அக்கா. சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, உடனே கிளம்பு!"

"எங்க தெருவை இன்னும் கூப்பிடலையேடா. மாமாவை வண்டியில ஏத்திட்டுக் காத்திருக்கேன். முந்திக்கிட்டு வந்தா உன் பேருதானே கெடும்?"

"பேரு கிடக்குது, வா!"

"சரி, வந்துட்டேன்... டேய், வளைவுல மரம் எரியுது. முன்னாடி இருக்கிற வண்டியெல்லாம் நகரவே இல்ல..."

அவர் ஓடிவந்து எங்கள் காரைத் தட்டினார். "ரெண்டாவது வண்டியையெல்லாம் ஓரங்கட்டுங்க! இறங்கி நடங்க!"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றினார். "புகைம்மா, புகை," என்று எனக்கு விளக்கம் வேறு.

புள்ளிக்காரர் திரையைக் கீழே போட்டுவிட்டு மேல்தெருவுக்குள் ஓடினார். எதிரே புகை சுவர்போல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. முன்னால் ஒரு கார் நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், இடைவெளி விடாதே என்று.