மாட்டுக்கொட்டகைக்குக் கேமரா இல்லை

வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. பெரியவர்கள் நாலு பேர் போய், மாப்பிள்ளை வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, போரில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுத் திரும்புவார்கள். ஆனால் ஜவளகிரி ரோட்டில் நாற்பது ஏக்கர் வைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா திம்மராயன், பக்கத்து ஊர் தளிக்கு வந்து போன் போட்டு, "பொண்ணையும் கட்டாயம் கூட்டிகினு வாங்க" என்று மூன்று தடவை சொன்னார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

சுஜாதாவின் அம்மா காவேரிக்கு அதற்குப் பிறகு கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை ஹரீஷ்குமார் டெக்ஸாஸில் கம்ப்யூட்டர் வேலை. சுஜாதாவின் அப்பா கங்கப்பன் லேத் பட்டறைக்காரர், பேச்சைவிட வேலை அதிகம். "உனக்குப் பிடிச்சா சரி" என்பதோடு அவர் கடமை முடிந்தது. சுஜாதாவுக்கு இருபத்து நாலு வயது. ஓசூர் சிப்காட்டில் மின் மீட்டர் தயாரிக்கிற கம்பெனியில் மூன்று வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருந்தாள். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்திருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பரில் மூன்று வாரம் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போவான். விசா கிடைக்க ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரை அவள் மாமனார் மாமியாரோடு அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆகவே, தாலி கட்டுகிறவனைவிட வீட்டைப் பார்ப்பதுதான் முக்கியம் என்று அவளே நினைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

வீடு பெரியது. மொட்டை மாடியில் பெரிய வெள்ளை டிஷ் ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. புதிதாக வாங்கிய காளையைக் காட்டுகிற மாதிரி திம்மராயன் அதைக் காட்டினார்.

"இங்க டெலிபோன் கம்பியே இல்லீங்க. செல்லு எடுக்கணும்னா மேட்டு மேல ஏறணும். அதான் பையன் சேட்டிலைட்டு இன்டர்நெட்டு போட்டுக் குடுத்தான். அந்த சேட்டிலைட்டு ஆகாசத்துல எங்க குந்தியிருக்குதுன்னு ரெண்டு பேரு மூணு நாளு தேடினாங்க. தேக்கு மரத்துல ரெண்டு கிளையும் வெட்டினாங்க."

போன வருஷம் போர் மோட்டார் ஒயரைத் திருட வந்தவர்கள் அவரைத் தள்ளிவிட்டதில் மணிக்கட்டு உடைந்ததாம். மகன் பதறிப்போய் இன்டர்நெட்டோடு நாலு கேமராவும் வைக்கச் சொல்லிவிட்டான். கேட்டில் ஒன்று, வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று, சமையலறை நிலைக்கு மேல் ஒன்று. உலகத்தின் அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு நாலையும் பார்ப்பான். திருடன் வந்தால் டெக்ஸாஸிலிருந்து ஓடிவந்து பிடிப்பானா என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

ஹால் கண்ணாடி போல இருந்தது. ஒரு செய்தித்தாள் கிடையாது, ஒரு துண்டு கிடையாது, தண்ணீர் குடித்து வைத்த ஒரு சொம்பு கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா சரஸ்வதி, சுஜாதாவின் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு எழுப்பி, நாற்காலியை இரண்டு அடி நகர்த்தி, மறுபடி உட்கார வைத்தார்.

"இங்க குந்து கண்ணு. வெளிச்சம் நல்லாருக்கு."

சுஜாதா மேலே பார்த்தாள். மூலையில் கேமரா. பெண்ணையும் கூட்டி வரச் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. கம்பெனியில் அவள் தலைக்கு மேலும் ஒன்று உண்டு. அதற்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு முதுகு விறைத்துவிடும். செய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும் கை எதையாவது செய்துகொண்டே இருக்கும். சரஸ்வதி துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் பேசியது.

"அம்மா, எல்லாரும் வந்துட்டாங்களா? வணக்கம் மாமா, வணக்கம் அத்தை."

காவேரி எழுந்து நின்று ஸ்பீக்கர் பெட்டியைக் கும்பிட்டாள். கங்கப்பன் எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வது என்று தெரியாமல் கதவைப் பார்த்துத் தலையாட்டினார். இவர்கள் பேசுவது மேலே சேட்டிலைட்டுக்குப் போய் இறங்கி, அவன் பேசுவது மேலே போய் இறங்கி வர ஒரு மூச்சு பிடித்தது. அந்த ஒரு மூச்சில் ஹாலில் யாரும் அசையவில்லை.

"சுஜாதா, இங்க விடியக்காலை அஞ்சரை. உங்களைப் பாக்கத்தான் முழிச்சுட்டு இருக்கேன். படம் விட்டு விட்டுத்தான் வருது. இருந்தாலும் தெரியறீங்க" என்றான். குரல் நல்ல குரல். தனியாக இருக்கிறவன் குரல். "விசா வர்ற வரைக்கும் நீங்க அங்க இருந்தாலும் நான் கூடவே இருக்கற மாதிரிதான்."

"என்ன பாசம் பாருங்க!" என்றாள் காவேரி.

சுஜாதா கை கழுவ வேண்டும் என்று எழுந்தாள். சரஸ்வதி அவளைச் சமையலறை தாண்டிப் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே தொட்டி, தொட்டியை ஒட்டி மாட்டுக்கொட்டகை, கொட்டகைக்குப் பக்கத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு அடுக்குகிற அறை. அறைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. கயிற்றுக் கட்டில் இரண்டு. கவிழ்த்த தக்காளிப் பெட்டிமேல் டிவி. பம்ப் ஸ்டவ், களி கிண்டிய சட்டி, சர்க்கரை மாத்திரை, வெற்றிலைப் பை, கொடியில் திம்மராயனின் பனியன்.

"இங்க யாருங்க இருக்காங்க?"

"நாங்கதான்" என்று சரஸ்வதி சாதாரணமாகச் சொன்னார். ஹாலில் விறைத்துக்கொண்டிருந்த அம்மாளை இங்கே காணோம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார்.

"கேமரா வந்த புதுசுல ஒரு நாளு பதினோரு மணிக்கு சும்மா சாஞ்சேன். உடனே அதுல கூப்பிடறான், ஏம்மா படுத்துட்ட, ஜொரமான்னு. இன்னொரு நாளு இவரு மூணாவது களி உருண்டை எடுத்தாரு. அப்பா, சுகருன்னு கத்தறான். நாங்க ரெண்டு பேரும் சண்ட போட்டா அதுக்கும் பஞ்சாயத்து. பாசத்துலதான் கேக்கறான், தப்பு சொல்லக்கூடாது. ஆனா வீட்டுக்குள்ள மூச்சு முட்டிச்சு. ஒவ்வொண்ணா இங்க எடுத்தாந்துட்டோம்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இங்கயும் ஒண்ணு மாட்டிடுவானே! மொறை போட்டுகினு இருக்கறோம். காலையில அவரு முன்னால போயி பேப்பரு பாப்பாரு. சாயந்தரம் நான் போயி கூட்டுவேன். அப்பப்ப மொகம் காட்டினா போதும்."

சுஜாதாவுக்குச் சிரிப்பு வந்தது. சரஸ்வதியும் சிரித்தார். சிரித்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வந்துட்டா எங்களுக்கு அந்தக் கவல இல்ல, கண்ணு. முன்னால நீ இருப்ப. அவனுக்குப் பாக்க வேண்டியதும் உன்னத்தானே. நாங்க ரெண்டு பேரும் இங்க நிம்மதியா கெடப்போம்."

வஞ்சம் வைத்துச் சொன்ன சொல் இல்லை. முழு மனசோடு, நல்ல எண்ணத்தோடு சொன்னார். அதனால்தான் சுஜாதாவுக்கு அது உறைத்தது. அவளுக்குப் பேசியிருந்தது கல்யாணம் மட்டுமல்ல, அந்தக் கிழவர்களின் முறையும் சேர்த்துத்தான். ஒன்றரை வருஷம், பொழுது விடிந்தால் அடைந்தால் கேமராவுக்கு முன்னால் அவள் ஒரே ஆள்.

அவர்கள் ஹாலுக்குத் திரும்பி, சுஜாதா நாற்காலியில் உட்கார்ந்ததும் ஸ்பீக்கர் கேட்டது.

"சுஜாதா, இவ்வளவு நேரம் எங்க போனீங்க?"

"கை கழுவப் போனேன்."

ஒரு மூச்சு.

"இருபது நிமிஷமாவா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். காவேரிகூடச் சிரித்தாள். ஆனால் சரஸ்வதியின் முகம் வெளுத்துவிட்டது. திம்மராயன் கன்னடத்தில் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்து நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் சுஜாதாவின் வாயையே பார்த்தார்கள். இவள் ஒரு வார்த்தை சொன்னால் கொட்டகைக்கும் கேமரா வந்துவிடும்.

"தொட்டிகிட்ட தோட்டம் நல்லா இருந்தது. பாத்துட்டு இருந்தேன்" என்றாள் சுஜாதா. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் இங்க வந்தா, வீட்டுக்குள்ள இருக்கற ரெண்டு கேமராவையும் எடுத்துடுவீங்களா?"

இந்தத் தடவை ஒரு மூச்சு இல்லை, இரண்டு மூன்று ஆயிற்று.

"ஏன்? மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

காவேரி மகளின் தொடையைக் கிள்ளினாள். சுஜாதா எழுந்து நின்றாள்.

"மறைக்க ஒண்ணும் இல்லீங்க. கம்பெனியில எட்டு மணி நேரம் கேமராவுக்குக் கீழதான் வேலை பாக்கறேன். மணி அடிச்சா வெளிய வந்துடுவேன். இந்த வீட்டுல மணி அடிக்காது. எனக்கு இது ஒத்துவராது."

ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஹலோ? ஹலோ? லைன் கட்டாயிடுச்சு. ஒத்துன்னு ஏதோ சொன்னீங்க. மறுபடி சொல்லுங்க."

"சரின்னு சொல்லுடி" என்றாள் காவேரி பல்லைக் கடித்துக்கொண்டு. முதல் தடவை கோபத்தில் சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவை சொல்வதற்குக் கோபம் மிச்சமில்லை. அப்பாவைப் பார்த்தாள். கங்கப்பன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் கேமராவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாங்க."

ஒரு மூச்சு கழித்து, "ஓ" என்றான். அவன் முகம் எப்படி இருந்தது என்று அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது.

வழியனுப்ப கேட் வரை வந்தது சரஸ்வதி மட்டும்தான். கேட் கேமராவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சுஜாதாவுக்குக் குங்குமம் வைத்தார். திட்டுவார் என்று இவள் எதிர்பார்த்தாள்.

"உனக்கு வாய் இருக்குது, சொல்லிட்ட" என்றார் மெதுவாக. "நாங்க பெத்தவங்களாச்சே. நாங்க கேமரா வேண்டான்னு சொன்னா அப்பறம் அவன் எங்கள எங்க பாப்பான்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா? அம்மா, எங்க இருக்க?"

சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்தார்.

"இதோ வந்துட்டேன்பா" என்று சொல்லிக்கொண்டே வேகமாக வீட்டுக்குள் போனார்.