சோர்வுக்கு ஷிப்டு போட்ட வீடு

சங்கரலிங்கத்தின் சோர்வு, ஆவணி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, அவருடைய வலது சுட்டுவிரல் வழியாக இறங்கி மீன்தொட்டிக்குள் போனது. அன்றைக்கு வடலூரில் கத்தரிக்காய் கிலோ நாற்பது ரூபாய். அவர் குடியிருந்த சுரங்கக் குடியிருப்பின் பத்தொன்பதாம் பிளாக்கில் எட்டரையிலிருந்து கரண்ட் இல்லை. தொட்டியில் மூன்று தங்கமீன்கள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இன்னொன்றுக்கு வால் மட்டும் கறுப்பு. விரலுக்குக் கிட்டத்தில் நின்றது சிவப்பு மீன் என்பதால் சோர்வு அதன்மேல் ஏறியது. அது மெல்லக் கீழே போய்க் கூழாங்கல்லில் சாய்ந்து படுத்துக்கொண்டது. சங்கரலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். பத்து மாதத்தில் முதல் தடவையாக, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்து இருபத்தெட்டு வருஷமாகச் சுரங்கத்தில் பம்ப் பிரிவில் வேலை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டே இருக்கும். அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக நாலு குழு. மூன்று குழு மாற்றி மாற்றி வேலையில் இருந்தால் ஒரு குழுவுக்கு ஆஃப். போன வருஷம் அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. புதுச்சேரியில் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள், ஆறு தடவை நரம்பில் மருந்து ஏற்றினார்கள், ஆடி மாதம் 'நோய் போய்விட்டது' என்று சொல்லி அனுப்பினார்கள். சோர்வு மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது. சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டிய சோர்வு அது. தூங்கினால் போகாது, தூங்கி எழுந்ததற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் வரும்.

மீன்தொட்டி வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால், மகள் இளவேனிலைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு. வீடு ஓய்ந்து கிடப்பது பிடிக்காமல் சங்கரலிங்கம்தான் வாங்கி வந்தார். அவர் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த மாதங்களில், அவர் மனைவி திலகவதி இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஓடிவந்து ஒரு சிட்டிகை தீனி தூவிவிட்டுப் போவாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அவர் திரும்பி வந்தபோது கண்ணாடியெல்லாம் பாசி. முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் மீன் செத்துவிடும், வாரத்துக்குக் கால் பங்குதான் மாற்றலாம். அந்தத் தொட்டியில் கால் பங்கு என்பது இருபது மக். ஒரு மக் எடுத்து ஊற்றிவிட்டுப் படுத்துக்கொள்வார், எழுந்து அடுத்த மக். இந்த வாரத்துக் கால் பங்கு முடிகிறபோது அடுத்த வாரத்தது வந்து நிற்கும். ரத்தத்தில் அணுக்கள் இன்னும் குறைச்சல், அழுக்குத் தண்ணீரில் வெறும் கை வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டார். உறையின் சுட்டுவிரலில் ஓட்டை இருந்ததை அவர் கவனிக்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

அன்றைக்குப் பகலில் அவர் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வந்தார், குழாய்க்கு வாஷர் மாற்றினார், பரணில் ஏறி இறங்கினார். திலகவதி அவரைப் பார்த்தாள், தொட்டியின் அடியில் கிடந்த மீனைப் பார்த்தாள், நடந்ததை விளங்கிக்கொண்டாள்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நீங்க கிட்டயே போவாதீங்க" என்றாள்.

மூன்று நாள் அவர் போகவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியுமா? சிவப்பு மீன் தீனியை வாயில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெல்ல முடியாமல் வெளியே விட்டது. இட்லியை அவர் அப்படித்தான் விட்டிருந்தார். நாலாம் நாள் மனசு கேட்காமல் தண்ணீர் மாற்றி, கல் உப்பும் மீனுக்கென்று விற்கிற நீல மருந்தும் போட்டார். பத்து நிமிஷத்தில் மீன் மேலே வந்து தீனிக்கு வாயைத் திறந்தது, அது விட்ட சோர்வு திரும்பி ஏறி அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் விரல் பட்டது, வெள்ளை மீன் விழுந்தது. வைத்தியம் பார்த்தார், அவர் விழுந்தார். புரட்டாசிக்குள் இது நாலு தடவை ஆயிற்று. ஐப்பசி பத்தாம் தேதி மெடிக்கல் போர்டு. அங்கே நிமிர்ந்து நடந்து காட்டினால்தான் திரும்ப வேலையில் சேரலாம், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

"மீனுக்கு மெடிக்கல் போர்டு கெடையாது. உங்களுக்கு இருக்கு" என்றாள் திலகவதி.

"செத்துப்போயிரும் திலகா."

"சாவட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். எறும்பு வரிசையைக்கூடத் தாண்டிப் போகிறவள் அவள்.

இதைத் தீர்த்துவைத்தது தைரியநாதன். பம்ப் பிரிவில் இவருக்குக் கீழே வேலை செய்கிறவன், மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். உடம்பு விசாரிக்கக் கொய்யாப்பழத்தோடு வந்தவன், கதையைக் கேட்டுவிட்டுத் தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்தான். அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"இதுக்கா இப்படி ஒக்காந்துகினு இருக்கீங்க? மீனு மூணு, நீங்க ஒண்ணு. நாலு பேருக்கு ஷிப்டு போட வராதா உங்களுக்கு? ஆளுக்கு ஒரு வாரம் தூக்குங்கண்ணே" என்றான்.

இருபத்தெட்டு வருஷமாக ஷிப்டு சார்ட் போட்ட மனுஷனுக்கு இது தோன்றவில்லையே என்று திலகவதி இன்றைக்கும் இடித்துக்காட்டுவாள். சார்ட் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷிப்டு மாறும். அவர் வாரம் முடிந்தால் விரலை நனைப்பார், சிவப்பு எடுத்துக்கொள்ளும். மறுவாரம் சிவப்பும் வெள்ளையும் வாயோடு வாய் வைத்து மாற்றிக்கொள்ளும், வெள்ளைக்குப் பிறகு கறுப்பு வால், அதற்குப் பிறகு திரும்ப அவர் விரல். ஒரு வாரம் என்றால் மீன் தாங்கியது. ஐப்பசி பத்தாம் தேதி கறுப்பு வாலின் வாரம். சங்கரலிங்கம் நிமிர்ந்து நடந்து போய் வேலைக்கு ஃபிட் என்று எழுதி வாங்கினார். தன் வாரம் வருகிறபோது லீவு போட்டுக்கொண்டார். பிளாக்கில் சிலர் தங்கள் மூட்டுவலியைக் கொஞ்சம் தொட்டியில் விடலாமா என்று கேட்டு வந்தார்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

மார்கழி மூன்றாம் திங்கட்கிழமை காலை, சங்கரலிங்கத்தின் வாரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தண்ணீர் இழுக்கிற குழாய் கைதவறித் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்கத் திலகவதி முழங்கை வரைக்கும் கையை விட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்தத் தண்ணீரைத் தொட்டதே இல்லை. மேலிருந்து தீனி தூவியதோடு சரி. மூன்று மீன்களும் ஒன்றாகத் தரை தட்டின. காற்றுக் குழாயிலிருந்து வந்த குமிழிகள்கூட மேலே ஏறாமல் கூழாங்கல்லோடு தங்கிவிட்டன.

திலகவதி கையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, கை இருக்கிற கனமே தெரியலயே" என்றாள்.

சங்கரலிங்கம் தொட்டிக்குக் குனிந்தார். மீன்களின் செவுள் எண்ணி எண்ணி அசைந்தது, மூன்றும் அரைமணிகூடத் தாங்காது என்று கண்ணாலேயே தெரிந்தது. சார்ட்டில் இதற்கு ஆள் இல்லை. சார்ட் போட்ட அன்று அவள் பேரை யாரும் நினைக்கவே இல்லை. உறையைத் தேட நேரமில்லாமல் இரண்டு வெறுங்கையையும் தண்ணீரில் விட்டு, வருகிற மட்டும் வாங்கிக்கொண்டார். வந்தது அவருடையது இல்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் கால் கடுக்க நின்றது வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி தூங்கிய நாற்பது ராத்திரி வந்தது. 'அப்பா நல்லாத்தான் இருக்காரு' என்று மகளிடம் போனில் தினமும் சொன்னது வந்தது. அவர் கண் திறக்கிறபோதெல்லாம் சிரிப்பதற்காக அவள் எடுத்துவைத்திருந்த சிரிப்பும் வந்தது, எல்லாவற்றையும்விட அதுதான் கனமாக இருந்தது. அவர் தொட்டிக்குக் கீழே தரையில் அப்படியே சாய்ந்தார். மேலே மீன்கள் ஒவ்வொன்றாக அசைந்தன.

"இவ்ளோத்தையும் வச்சுக்கிட்டா நின்னுக்கிட்டிருந்த?" என்று கேட்டார். அதைக் கேட்கவே மூன்று தடவை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

"ஒக்காந்தா உங்கள யாரு பாக்குறது?" என்றாள் திலகவதி.

அவர் இருபத்தைந்து நாள் படுத்திருந்தார். இருபது மக் தண்ணீரை அவள் நின்ற நிற்பில் மாற்றினாள். தைப்பூசத்துக்கு வடலூர் வரைக்கும் நடந்தே போய், ஏழு திரையும் விலக ஜோதி பார்த்துவிட்டு, நடந்தே வந்தாள். கால் வலிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், படுத்திருந்தவரைப் பார்த்துச் சங்கடப்பட்டு மோர் கலக்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தைரியநாதன் வந்து சார்ட்டைத் திருத்தினான். சோர்வு இரண்டு, தூக்குகிறவர்கள் ஐந்து பேர், வாரத்துக்கு இரண்டு பேர் படுக்கலாம், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வாரத்தில் படுக்கக் கூடாது. முதல் பேர் திலகவதி. சோர்வைத் தூக்காத தன் ஆஃப் வாரத்தில் அவள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். படுத்திருக்கிற சங்கரலிங்கம் காப்பி கேட்க வாயெடுப்பார், பெட்டிக் கதவில் அவள் பேருக்கு நேரே ஆஃப் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பார், பிறகு தானே எழுந்து நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து, இரண்டு டம்ளர் போட்டுக்கொண்டு வருவார்.