வேடசந்தூருக்கு மூணு

எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் இளஞ்செழியனுக்கு மேடை என்றால் உயிர். வருடத்துக்கு ஒருமுறை மாவட்டத்து டாக்டர்களையெல்லாம் ஓட்டலுக்கு அழைத்து, பிரியாணி போட்டு, திரையில் புள்ளிவிவரம் காட்டுவார். அதை எடுத்துக் கொடுப்பவள் நான். பெயர் சுகன்யா, திண்டுக்கல்லில் அந்த இதய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் பதினாறு வருடமாகத் தூசி தின்கிறேன்.

போன வருடம் பைபாஸ் செய்துகொண்டவர்கள் பழனிப் பக்கம் எழுபத்தெட்டுப் பேர், திண்டுக்கல் டவுனில் அறுபத்து நாலு, வேடசந்தூரில் மூணு. ஸ்டென்ட் வந்த பிறகு எல்லா ஊரிலும் பைபாஸ் குறைந்துகொண்டு வருகிறது. வேடசந்தூரில் குறைவதற்கே ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா, மூணே மூணு!" என்றார் டாக்டர். "உழைக்கிற ஜனம், கம்பங்கூழ் குடிக்கிற உடம்பு. அந்தப் பக்கம் கேம்ப் போட்டு நேரத்த வேஸ்ட் பண்ண வேண்டாம்."

கை தட்டினார்கள், படித்த முட்டாள்கள். நான் பிறந்தது வேடசந்தூர். அங்கே கம்பங்கூழைக் கண்ணால் பார்த்து இருபது வருடம் ஆகிறது. எல்லாரும் நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்து, புரோட்டா தின்று, பஞ்சுத் தூசியோடு பீடியும் இழுக்கிறார்கள். எங்கள் ஊரில் நெஞ்சு வலி என்று ஒன்று கிடையாது, வாய்வு மட்டும்தான். இடது கை மரத்துப் போனாலும் வாய்வு, வேர்த்து ஊற்றினாலும் வாய்வு. ஒரு சோடா, ஒரு ஏப்பம், அப்புறம் ஷிப்ட். ஏப்பம் வராதவன் செத்துப் போவான். அவனும் வாய்வில் செத்ததாகத்தான் பேச்சு.

என் மாமனார் ஊர்ப் பக்கம் கதையே வேறு. பழனியை ஒட்டிய பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சோலைமுத்து அவர். பைபாஸ் முடிந்த நாளிலிருந்து சட்டையின் மேல் மூன்று பட்டனைப் போட்டதே இல்லை. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம், "ஏனுங்க, உங்களுக்கு எத்தன அடைப்புங்க? எனக்கு நாலுங்க" என்று தழும்பைக் காட்டிப் பீற்றிக்கொள்வார். என்ன பிறவிகளோ!

என் அண்ணன் கருப்பணனுக்கு ஐம்பத்தொரு வயது, மில் வேலை. வாய்வு வாய்வு என்று மூன்று மாதம் சோடா குடித்தவரை நான்தான் இழுத்து வந்து ஆஞ்சியோ எடுக்க வைத்தேன். மூன்று குழாயிலும் அடைப்பு, போதாததற்குச் சர்க்கரை. இந்த மாதத்துக்குள் பைபாஸ் செய்தால் பிழைப்பார், இல்லையென்றால் என்னைக் கேட்காதே என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டையில் எல்லாம் இலவசம். அப்புறம் என்ன தயக்கம்?

"குலசாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம் சுகன்யா. சாமி சரின்னுச்சுன்னா அறுக்கட்டும்" என்றாள் மதினி சிவனம்மாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு மனுஷன் உயிரை இரண்டு அரளிப் பூவிடம் ஒப்படைக்கிற கூறுகெட்ட கூட்டம். சரி என்று பொட்டலம் மடிக்கிற வேலையை நானே வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். சாமி கோபித்தால் என்னிடம் வரட்டும்.

பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்து வீட்டிலிருந்து கோயிலுக்கு அண்ணன் எடுத்து வந்தார். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாவி மற்றதைப் பிடுங்கிப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"என்னத்தா இது, ரெண்டும் செவப்பால்ல இருக்கு!" என்றார் பூசாரி.

"நான் ரெண்டுலயும் வெள்ளைதே வச்சேன்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அண்ணன் தலையைக் குனிந்தார். "வர்ற வழியில நாந்தே மாத்துனேன். நெஞ்ச அறுத்தவன எந்த மில்லுக்காரன் உள்ள விடுவான்? எங்க ஷிப்ட்டுல நாலு பேருக்கு வலி இருக்கு. அம்புட்டுப் பேரும் வாய்வுன்னுதே சொல்லுவோம். சாமி வேணாம்னுருச்சுன்னா நீயும் விட்டுருவன்னு பாத்தேன்."

மதினி இரண்டு பூவையும் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். "அண்ணனுந் தங்கச்சியும் சாமிகிட்டயே களவாணித்தனம் பண்ணியிருக்கீக" என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பி, "மில்லுக்குத் தெரியாம அறுத்துக்கிட்டு வாங்க. நீங்க இருந்தாத்தே எனக்கு மில்லு" என்று அழுதாள்.

மறுநாளே சேர்த்தோம். மில்லுக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னோம். அட்டையில் எந்த முகவரி இருந்தாலும் எங்கள் பதிவேட்டில் ஏறுவது வாயால் சொல்கிற முகவரிதான். அண்ணன் என் வீட்டு முகவரியைச் சொன்னார், திண்டுக்கல் டவுன். நான்தான் டைப் அடித்தேன். அடிக்கும்போது சந்தேகம் தட்டி, டவுன் பட்டியலைப் பின்னோக்கிப் புரட்டினேன். மச்சான் வீடு, மகள் வீடு, அக்கா வீடு என்று இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் எங்கள் ஊர் மில்காரர்கள்.

இந்த வருடமும் ஓட்டல், பிரியாணி, திரை. "வேடசந்தூர், மறுபடியும் மூணு!" என்றார் டாக்டர். சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் பெயர் வெளியே வரும். நானும் சேர்ந்து கை தட்டினேன். தூ, என்ன பிழைப்பு இது!

அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் அண்ணன் மில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். சித்திரை வெயிலில் சட்டைப் பட்டனைக் கழுத்து வரை போட்டிருந்தார். பக்கத்தில் அதே ஷிப்ட் ஸ்டான்லி, முகமெல்லாம் வேர்வை.

"காமாலை தேவலையா கருப்பணா?"

"தேவலப்பா."

"எனக்கு ரெண்டு நாளா ஒரே வாய்வு. தோள்பட்ட வரைக்கும் இழுக்குது" என்று ஸ்டான்லி நெஞ்சை நீவிவிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கை தானாகக் கழுத்துப் பட்டனைத் தடவியது.

"ஒண்ணும் இருக்காது. ஒரு சோடா குடி, சரியாப் போகும்" என்று சொல்லி, எதிர்க்கடையில் அவரே வாங்கிக் கொடுத்தார்.

ஸ்டான்லி குடித்து முடித்து ஏப்பத்துக்காகக் காத்திருந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஏறிப் போனார்கள்.