மைப்புள்ளி

குடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பார்த்து நோயின் பெயர் சொல்வது என் வேலை. இருபது வருஷமாகச் சொல்கிறேன். என் தங்கை இதே லேபில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனால் சர்ஜன் போன் செய்தால், "சின்ன டாக்டர் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். எனக்கு எரியும். அந்த வயிற்றெரிச்சலுக்கு பயாப்ஸி கிடையாது.

போன வாரம் ஒரு தையல்காரரின் மகள். இருபது வயது, ரத்தமாகப் போகிறது. குடலின் உள்சுவரில் இருக்கும் குழிகள் கோணிக் கிடந்தன, உள்ளே சீழ். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், பெருங்குடலோடு நின்றுவிடும் புண் நோய், என்று கையெழுத்துப் போட்டேன். பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலில் ஒரு பை தைத்தால் தீர்ந்தது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று.

"அக்கா, புண்ணு விட்டு விட்டு இருக்கே. க்ரோன்ஸ் நோயா இருந்தா சிறுகுடலையும் பிடிக்கும், அந்தப் பையும் கெட்டுப்போயிடும். அதே துணுக்கை இன்னும் ஆழமா சீவிப் பாக்கலாமே" என்றாள் தங்கை. நேற்று முளைத்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்! சரி என்றேன், அவள் மூக்கை உடைக்கத்தான்.

புது ஸ்லைடுகளை முதலில் நான் தனியாகப் பார்த்தேன். மூன்றாவதின் ஓரத்தில், சீழ் பிடித்த குழிகளை விட்டுத் தள்ளி, செல்கள் வட்டமாகக் கூடி உட்கார்ந்திருந்தன. கிரானுலோமா, அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் வராதது. க்ரோன்ஸ்தான். உடைந்தது என் மூக்கு. கண்டதன் பக்கத்தில் பேனாவால் புள்ளி வைப்பது இருபது வருஷப் பழக்கம், கை வைத்துவிட்டது.

பிறகு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் மைக்ராஸ்கோப்பில் ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்க்கலாம். நகர்த்தும் திருகு மட்டும் ஒருவர் கையில், அன்று என் கையில். அந்த ஓரம் வந்ததும் விரல் தானாக வேகமெடுத்தது. தானாக என்ன, நான்தான் திருப்பினேன்.

"ஒண்ணுமில்ல, பாத்தியா?"

அவள் கண்ணை எடுக்கவில்லை. "மைப்புள்ளி ஒண்ணு போச்சே அக்கா. கொஞ்சம் பின்னாடி போயேன்."

போனேன். வேறு என்ன செய்ய? வட்டம் நடுவில் வந்து நின்றது. தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் போனை எடுத்தாள்.

"சார், அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம், நிறுத்துங்க. க்ரோன்ஸ். இல்ல சார், நான் இல்ல. அக்காதான் கண்டுபிடிச்சு புள்ளி வச்சிருந்தாங்க."

சர்ஜன் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, வாயாரப் புகழ்ந்தார். இருபது வருஷமாக நான் ஏங்கிய பாராட்டு. அதையும் இவள் கையால்தான் வாங்க வேண்டியிருந்தது. அவள் செய்ததை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.