அக்காவுக்குச் சேர வேண்டியது

ஊரில் யார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றாலும் ஓடிப்போய் உயிர் கொடுக்கிற மெக்கானிக்குக்கு ஒரு வியாதி இருந்தது. சொந்த வீட்டில் எது பழுதானாலும் கையை வைக்க மாட்டான். "நாள் பூரா இதைத்தானே பாக்கறேன், வீட்லயுமா?" என்று புதிதாக ஒன்றை வாங்கி வந்துவிடுவான், அதுவும் தவணையில். மிக்ஸி முனகினால் புது மிக்ஸி. ஃபேன் கிறீச்சிட்டால் புது ஃபேன். சோபாவின் ஒரு கால் ஆடியதற்கு, ஏழு பேர் உட்காரும் சோபா ஒன்று வந்து இறங்கியது. வீட்டில் இருப்பதோ மூன்றே பேர். மிச்ச இடத்தில் யார் உட்காருவார்கள் என்று மனைவி கேட்டாள். தவணை வசூலிக்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

மனைவி தையல்காரி. கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு, நீளமானதைக் குட்டையாக்கி, இறுக்கமானதைத் தளர்த்திக் கொடுப்பது அவள் தொழில். ஊரார் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். தன் வீட்டுக் கடன் ஏறியது மட்டும் தெரியாமல் போயிற்று. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்த வீடு மாதாமாதம் தவறாமல் தின்றது. வட்டி குட்டி போட்டு, தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்து நின்றபோதுதான் அவளுக்குத் தலை சுற்றியது. அன்றைக்கு ஓடி வந்தவள் அவளுடைய அக்கா.

அக்கா ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, ஒரே மகள். மகளைக் கல்லூரியில் சேர்க்க வருஷக்கணக்கில் சேர்த்ததை அப்படியே கொண்டு வந்து தங்கையின் கையில் வைத்தாள். "அவ காலேஜ் போறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு. அதுக்குள்ள குடுத்தாப் போதும்" என்றாள். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் தையல்காரியைக் கொன்றது. அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால், பதிலுக்கு எட்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். திட்டாத அக்காவை என்ன செய்வது? அவள் வீட்டுக்குப் போவதே குறைந்தது. போனாலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அடுப்புல வேலை இருக்குக்கா" என்று எழுந்து வந்துவிடுவாள்.

அன்று முதல் வீட்டுக்குள் புதிதாக எதுவும் வரக் கூடாது என்று சட்டம் போட்டாள். மெக்கானிக் முனகினான், முறைத்தான், பிறகு திருந்தினான். திருந்துகிறவன் அளவோடு திருந்துவானா? பரணில் கிடந்த மிக்ஸிகளைப் பிரித்துப் போட்டு ஓட வைத்தான். ஊரார் தூக்கிப் போட்ட ஃபேன்களைச் சும்மா வாங்கி வந்து, சரிசெய்து விற்றான். துணி துவைத்த தண்ணீர் குழாய் வழியாகக் கழிவறைக்குப் போயிற்று. காய்கறித் தோல் பழைய வாஷிங் மெஷின் டிரம்மில் எருவாகி, மாடியில் கீரையாக முளைத்தது. கொதி வந்த பருப்பை இறக்கி, கம்பளி சுற்றிய பெட்டிக்குள் வைத்தால் தானே வெந்துவிடும் என்று கண்டுபிடித்த நாளில், கேஸ் சிலிண்டரைப் பார்த்து ஒரு ஏளனச் சிரிப்புச் சிரித்தான். பன்னிரண்டு வயது மகள் அவனுக்கு மேலே. ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால் எரியவிட்டவர் பெயரைச் சத்தமாக வாசிப்பாள். வீட்டில் அவளுக்கு ஆடிட்டர் என்று பட்டம்.

பணம் சேர்ந்தது. அக்கா மகளுக்கு இடம் கிடைத்த செய்தியும் வந்தது. வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். கொஞ்சம்தான் குறைந்தது, அதற்கு அந்த ஏழு பேர் சோபாவை விலை பேசியாயிற்று. "இருக்கறதை இப்பவே குடுத்துடலாமே" என்றான் மெக்கானிக். தையல்காரி ஒப்பவில்லை. அரையும் குறையுமாகக் கொடுத்தால் இன்னும் கடன்காரிதான். வியாழக்கிழமை சாயங்காலம் முழுப் பணத்தையும் அக்கா மடியில் வைக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு.

புதன்கிழமை மெக்கானிக் சோபாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன சற்று நேரத்தில், அக்கா வாசலில் நின்றாள்.

"சும்மாதான்டி, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றபடி உள்ளே வந்தவள், உட்கார இடம் தேடினாள். கூடம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. ஆடிட்டர் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டாள்.

"சோபா எங்கடி?"

"வித்துட்டோம் பெரியம்மா" என்றாள் ஆடிட்டர் பெருமையாக. "ஃபேனும் ரொம்பப் புழுங்கினாத்தான் போடுவோம். அடுப்பக்கூட ரொம்ப எரிக்கறதில்ல. இந்தச் சட்டை பாத்தீங்களா, ஜன்னல் திரையில தச்சது. அப்பாவுக்கும் இதே துணிதான்."

தையல்காரி கண்ணைக் காட்டினாள், இருமினாள். மகள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனாள். கழிவறைத் தண்ணீர் கதையை எட்டும்போது அக்காவின் முகம் சுண்டிவிட்டது. மூன்று முறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மூன்று முறையும் தண்ணீர் கேட்டாள். தையல்காரிக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. நாளைக்கு இதே முகம் எப்படி மலரப்போகிறது பார் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "வரேன்டி, உடம்பைப் பாத்துக்கோ" என்று அக்கா கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

டம்ளரை எடுக்கப் போனபோதுதான் அதன் கீழே மடித்து வைத்திருந்த நோட்டுகள் தெரிந்தன. அக்காவின் பர்ஸில் இருந்ததெல்லாம் அதுவாகத்தான் இருக்கும். தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றுபோயிற்று. வார நடுவில் லீவு போட்டுவிட்டு அக்கா எதற்கு வருவாள்? பார்க்கவா வந்தாள்? கேட்க வந்திருக்கிறாள். கேட்காமல், கையில் இருந்ததையும் வைத்துவிட்டுப் போகிறாள். பாவி, என் வாய் எங்கே போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டு, அலமாரியில் இருந்த பணத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

தெருமுனையில் மெக்கானிக் சோபா பணத்தோடு எதிரே வந்தான். "என்ன ஆச்சு?" என்றவனின் சட்டைப் பையில் கைவிட்டுப் பணத்தை எடுத்தாள். அவனும் பின்னாலேயே ஓடி வந்தான்.

அக்கா பஸ் ஸ்டாப் பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் நெருப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"பட்டினி கிடந்து, வீட்டைத் துடைச்சு வித்துக் குடுக்கற காசு எனக்கு வேணாம்டி."

"பட்டினியா?" மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "அக்கா, என்னைப் பாருங்க. போன வாரம்தான் இடுப்பு பத்தலன்னு இவ என் பேண்ட்டைப் பிரிச்சு விட்டா. மாடியில விளையற கீரைய அக்கம்பக்கத்துக்கே குடுக்கறோம். கடன்னு ஒண்ணு இருந்தா அது உங்ககிட்ட மட்டும்தான்."

அக்கா அவன் வயிற்றைப் பார்த்தாள். அது பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஆனாலும் கை நீளவில்லை.

தையல்காரி பையை அவள் மடியில் வைத்து அழுத்தினாள். "அக்கா, இத நீ வாங்கலன்னா நான் சாகறவரைக்கும் உன் வீட்ல கடன்காரியாத்தான் வந்து உக்காரணும். என்னால முடியாது. ரெண்டு வருஷமா உன் மூஞ்சிய நிமிர்ந்து பாக்கல நான்."

அக்கா பையைப் பிரித்து உள்ளே பார்த்தாள்.

"இப்பத்தான்டி அவளுக்குப் போன் பண்ணி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொன்னேன். சரிம்மான்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா."

"திரும்பக் கூப்பிடு."

அக்கா போனைத் தங்கையிடம் நீட்டினாள். தையல்காரியே எண்ணை அழுத்தி அவள் காதில் வைத்தாள். "சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வைடி, நாளைக்குக் காலையில போய்ச் சேந்துடலாம்" என்றாள் அக்கா. அந்தப் பக்கத்திலிருந்து, "நிஜமாவாம்மா?" என்று ஒரு குரலும், அதைத் தொடர்ந்து விம்மி விம்மி அழுகையும், போனுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்டன. மெக்கானிக் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். தையல்காரி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி நீ" என்றாள் அக்கா.

பஸ் வந்தது. அக்கா எழப் போனாள். தையல்காரி அவள் கையைப் பிடித்து இழுத்து, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அடுத்த பஸ்ல போலாம்க்கா. எனக்கு ஒரு வேலையும் இல்ல."