ஏழாவது விதை

மூன்றேகால் மணிக்குள் ஆறு விதைகள் கிடைத்துவிட்டன. ஏழாவதைத்தான் காணோம்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு களையை அடைத்து வைத்து ஆராயும் கண்ணாடிக் கூடம் அது. காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதைகளைச் சிதறடிக்கும் என்பதால் ஒவ்வொரு காய்க்கும் துணிப்பை கட்டுவார்கள். ஒரு காய்க்கு ஏழு விதை, கூடாது, குறையாது. இன்று ஒரு பை கிழிந்திருந்தது. நான்கு மணிக்கு அதிகாரி வந்து எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் கூடம் முழுக்க நீராவி பாயும். களையோடு, களையை அமுக்கி வளரும் புல்லும் வெந்துபோகும். விதையைத் தேடிக்கொண்டிருந்தவள் நான்கு வருஷம் பாடுபட்டு வளர்த்த புல்.

எதையும் எண்ணாமல் நகரமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்குப் பெயரே கணக்குக்காரி. சாக்கடை வலையைப் பார்த்தாயிற்று; தண்ணீர் இழுத்துப் போகவில்லை. விசிறி காலையிலிருந்து ஓடவில்லை. உடுப்பின் மடிப்பையும் செருப்படியையும் உதறிவிட்டாள்.

"தரையையே நக்கிடுவ போலிருக்கே," என்றார் அண்ணன். பெரியப்பா மகன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். வாரத்தில் நான்கு நாள் அவள், மற்ற மூன்று நாள் இங்கே அவர்தான் பொறுப்பு. "ஜாடியில காஞ்ச விதை கெடக்கு. ஒண்ண எடுத்துப் போடு. அது மூஞ்சியில பேரா எழுதியிருக்கு?"

"ஜாடியையும் எண்ணுவாங்களே அண்ணே."

"எடைதான் போடுவாங்க. ஒரு விதை என்ன மலையா?"

அவள் ஜாடியைத் திறந்தாள். இடுக்கியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விதையின் நுனியில் எண்ணெய்ப் பசையோடு ஒரு வெள்ளைக் கொண்டை. தட்டில் கிடந்த ஆறைப் பார்த்தாள். ஒன்றில் அந்தக் கொண்டை பாதி கடிக்கப்பட்டிருந்தது.

இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். மேசைக் காலருகே மயிரிழை போல ஒரு வரிசை, சுவரோரத்து டைல் இடுக்கிற்குள் போய்க்கொண்டிருந்தது.

"எறும்பு அண்ணே. கொண்டையத் திங்க இழுத்துட்டுப் போயிருக்கு."

"எறும்புதானே, விடு. அங்கல்லாம் நோண்டாத."

சொன்ன வேகம் அவளுக்கு உறுத்தியது. கடப்பாரையை எடுத்து டைலை நெம்பினாள்.

அடியில் ஒரு விதை. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நான்கு, கொண்டை தின்னப்பட்டு, மண்ணில் பத்திரமாக. அதில் ஒன்று முளைத்திருந்தது. வெள்ளை வேர் வெளிச்சுவர்ப் பக்கம் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாருடையதோ காய்கறித் தோட்டம்.

"எனக்குக் காணாமப் போனது ஒண்ணு. மிச்சம் மூணு?"

அண்ணன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "கூடத்த மூடுனா நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான். என் நாள்ல தொலைஞ்சதுக்கு ஜாடியில இருந்து எடுத்துப் போட்டேன், உனக்கும் சேத்துத்தான்."

வாசலில் கார் வந்து நின்றது. "ஏழு கெடச்சிருச்சுல்ல," என்றார், குரலைத் தாழ்த்தி. "டைல மூடிரு."

உண்மைதான். இன்றைய கணக்கு சரியாகிவிட்டது. புல் பிழைத்துவிடும்.

அதிகாரி தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா, பத்து இருக்கு?"

"மூணு பழசு சார். எறும்புப் புத்துல இருந்துச்சு, ஒண்ணு மொளச்சிருக்கு. இன்னும் எத்தன கெடக்குன்னு தெரியல."

அதிகாரி நீராவிக் குழாயைக் கை காட்டினார். அதன் திருகை அண்ணன் தொடப் போனார். "நான் தெறக்குறேம்மா."

"வேணாம். நீங்க மம்பட்டிய எடுத்துட்டு செவுத்துக்கு அந்தப் பக்கம் போங்க. அந்த வேரு எதுவரைக்கும் போயிருக்குன்னு தோண்டிப் பாருங்க."

அவர் போகும்வரை காத்திருந்து, புல் தொட்டிகளுக்கு முதுகைக் காட்டியபடி, திருகை அவளே திருப்பினாள்.