அரைப்பேர்

கம்சலாவுக்குக் கண் எரிந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்த மாடி அறையில் மூன்று நாளாக ஒரே வேலை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது பதிகிற செயலி ஒன்று சரியாக நடக்கிறதா என்று பார்க்கச் சோதனை வாக்கியங்கள் எழுத வேண்டும். வாக்கியம் தமிழில் இருக்கும். அதற்கேற்ற நிரலைக் கொழும்பிலிருந்து ஸப்வான் எழுதுவார். சோதனை தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. இன்றைக்கு எல்லாம் பச்சையானால் நாளைக்கு அவளுக்கு வேலை நிரந்தரம். அப்புறம் அம்மா பெரியாயி கொழுந்து பறிக்க மலையேற வேண்டியதில்லை. அம்மாவின் முழங்கால் எப்போதோ போய்விட்டது.

முதலில் ஆளுக்கொரு வாக்கியமாக நாற்பது எழுதியிருந்தாள். ஸப்வான் போனில் சலித்துக்கொண்டார். "மாறுற எடத்த மட்டும் காலியா விடுங்க கம்சலா. அதுதான் பராமீட்டர். ஒரே வாக்கியம், கீழ ஒரு அட்டவணை, முடிஞ்சுது கத." சரியென்று நாற்பதையும் அழித்து ஒன்றாக்கினாள்: இன்னார் இத்தனை கிலோ எடுத்தால் இன்ன பேர் போட வேண்டும். அட்டவணையின் முதல் வரியில் அம்மாவையே வைத்தாள். பெரியாயி, பன்னிரண்டு, அரைப்பேர்.

நாலு மணிக்கு எல்லாம் பச்சை. அப்பாடா என்று பையை எடுத்தவள், சும்மா ஒரு தடவை செயலியைத் திறந்து பார்த்தாள். பார்க்காமலே போய்த் தொலைந்திருக்கலாம். அம்மாவின் வரியில் 'பெரி' என்று மட்டும் இருந்தது. வேலை பதிய வேண்டிய கட்டத்தில் ஒன்றுமேயில்லை.

ஸப்வானுக்கு போன் போட்டாள். "சேர், அரைப்பேர்னா என்னான்னு நெனச்சீங்க?"

"பேர்ல பாதி. சின்ன போன்ல எடம் பத்தாதுதானே, சுருக்கிக் காட்டச் சொல்றீங்கன்னு அப்படியே எழுதிட்டேன், சோதனையும் அதத்தான் பாக்குது..."

"ஐயோ சேர்! தோட்டத்துல பேர்னா ஒரு நாள் வேலை. கொழுந்து கொறஞ்சா அரைப்பேர், பாதி நாள்."

ஸப்வான் அவசரப்பட்டார். "திங்கக்கெழம தோட்டத்துக்குக் குடுக்கணும். பச்சைதானே காட்டுது? பொறகு பார்ப்பம்."

பிறகாம் பிறகு! திங்கட்கிழமை கொழுந்து குறைந்தவர்களெல்லாம் வேலைக்கே வராதவர்களாகிவிடுவார்களே. தப்பு தன்மேலும்தான். ஆனால் பிறந்ததிலிருந்து தோட்டத்து லய வீடுகளில் கேட்ட சொல்லுக்கு எவள் விளக்கம் எழுதுவாள்? யார்மேல் கோபப்படுவது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. 'பேர்' என்றிருந்த இடங்களிலெல்லாம் 'நாள் வேலை' என்று மாற்றி மறுபடி ஓட்டினாள். நாற்பது வரியில் அரைப்பேர் பதினேழும் சிவந்தன. அப்படியே கம்பனி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. அவளுடைய தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருந்தார்கள்.

நமுனுகுல பஸ்ஸைவிட்டு இறங்கி லயத்துக்கு ஏறி வந்தபோது, அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிரந்தரக் கடுதாசி குடுத்தாங்களாடி?"

கம்சலா நடந்ததையெல்லாம் சொன்னாள். பெரியாயி காலை நீட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் தப்ப நீ மட்டுந்தான் பாத்தியா?"

"ஆமாம்மா."

"பாத்துட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதாடி?"

கம்சலாவுக்கு அழுகைதான் வந்தது. அம்மா சுவரைப் பிடித்து எழுந்து, நாளைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கைக் கொடியிலிருந்து எடுத்து, ஈரம் காய்ந்ததா என்று தடவிப் பார்த்தாள்.